தம்பியின் லெவல் புக்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபோது, "எனக்கு என்னடா எழுதத் தெரியும்?" என்றுதான் சொன்னேன். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜோக் எழுதவும் ஆள் இருக்கிறார்கள். நான் மூன்றாம் வருஷம் சிவில். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, லெவலிங். இன்னொன்று, என் தம்பி. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கம். அப்பா பூக்கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறார். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு மல்லிகைக் காட்டுக்குப் பூப்பறிக்கப் போய்விடுவார். வீட்டில் அப்பத்தாவும் தம்பியும். பத்தாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். தம்பிக்கு இப்போது பதினாலு வயசு. அவனுக்கு அறிவுசார் குறைபாடு. நாலு வயசு வரை பேச்சு வரவில்லை. இப்போதும் பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான். அதில் முதல் வார்த்தை "ண்ணே".

அவனுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அந்த அட்டை வந்த அன்று அப்பத்தா என்னிடம் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பத்தாப்புல நீ எம்புட்டுடா வாங்குன?"

"அறுபத்தெட்டு பர்சென்ட், அப்பத்தா."

"பாத்தியா, எம்பேரன் ஒன்னையவிடக் கூட!"

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த 75 எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. எட்கர் டால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935-ல் கொண்டுவந்தது. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, அதில் 55 முதல் 69 வரை வாங்கினால் குறைபாடு 50 சதவீதம். 36 முதல் 54 வரை என்றால் 75 சதவீதம். 21 முதல் 35 வரை என்றால் 90. அதற்கும் கீழே 100. அதாவது, தம்பி 37-ல் இருந்தாலும் 75தான். கஷ்டப்பட்டு 53-க்கு ஏறினாலும் அதே 75தான்.

உதவித்தொகைக்கும் பஸ் சலுகைக்கும் அந்த எண் வேண்டும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நண்பர்களே, முதல் வருஷம் பிசிக்ஸ் பிராக்டிகலில் நாம் என்ன படித்தோம்? கம்பியின் விட்டத்தை மீட்டர் ஸ்கேலில் அளக்காதே, திருகு அளவியை எடு. ஏன்? அதன் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். ஸ்கேலின் மீச்சிற்றளவு ஒரு மில்லிமீட்டர். அதைவிடச் சின்ன மாற்றம் ஸ்கேலுக்குத் தெரியாது. அதனால் மாற்றமே இல்லை என்று ஆகிவிடுமா?

பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டும் அந்த மீட்டர் ஸ்கேல் மாதிரிதான். மூன்று வருஷமும் தம்பியின் கார்டில் ஒரே வரி: "முன்னேற்றம் தேவை." அந்த மூன்று வருஷத்தில் அவன் தானாகக் கால்சட்டை போடப் பழகினான். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடப் பழகினான். அந்தக் கார்டில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

* * *

நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம், வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியர் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு நாள் வர ஆரம்பித்தார். ஸ்கூட்டியில் வருவார். வந்த முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டார்:

"இவன் என்னென்னம்மா செய்வான்?"

அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனை ஆஸ்பத்திரி பார்த்தாச்சு! அங்கெல்லாம் "என்ன செய்யமாட்டான்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு அம்மாவிடம் மனப்பாடமாகப் பதில் இருக்கும். இந்தக் கேள்விக்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "செருப்பைக் கழட்டி ஓரமாப் போடுவான். மல்லி வேற, கனகாம்பரம் வேறன்னு பிரிச்சு வப்பான். அவங்க அப்பத்தா கூப்புட்டாத் திரும்பிப் பாப்பான்." டீச்சர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

இப்படிக் கேட்பதற்கு ஒரு முறையே இருக்கிறதாம். சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பில் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா இருவரும் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம். நம் மெட்ராஸ் பேரிலேயே இருக்கிறது! 18 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், ஆக மொத்தம் 360. நடப்பது, கையால் பிடிப்பது, சாப்பிடுவது, உடுத்துவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, எழுதுவது, எண், நேரம், பணம், வீட்டு வேலை என்று போகும். சுலபமானது முதலில், கடினமானது பிறகு. செய்கிறானா, இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் தயாரித்த இன்னொரு செக்லிஸ்டும் உண்டு. அதில் ஒரு நிலையில் 80 சதவீதம் முடித்தால்தான் அடுத்த நிலை. இரண்டிலும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய அவனோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

இலக்கு எது என்று கேட்டபோது வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. அம்மாவுக்கு அவன் பேர் எழுத வேண்டும். அப்பாவுக்கு அவன் தனியாக பஸ்ஸில் போய் வர வேண்டும். டீச்சர் அப்பத்தாவிடம் கேட்டார். "கடைக்குப் போயி ஒரு தீப்பெட்டி வாங்கியாந்தான்னாப் போதும் தாயி" என்றது அப்பத்தா. அதுதான் இலக்காயிற்று.

"கடைக்குப் போக வேண்டும்" என்று எழுதினால் அது இலக்கு இல்லையாம், ஆசையாம். டீச்சர் அதை எட்டுப் படியாகப் பிரித்தார். காசை வாங்கிச் சட்டைப்பையில் போடுவது. செருப்பு மாட்டுவது. ஓரமாகவே வேப்பமரம் வரை நடப்பது. ரோட்டோரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது. கடப்பது. கடையில் தீப்பெட்டியைக் கேட்பது அல்லது கைகாட்டுவது. காசைக் கொடுத்து மிச்சம் வாங்குவது. அதே மாதிரி பார்த்துக் கடந்து திரும்பி வருவது. ஒவ்வொரு படிக்கும் நாலு குறி: கை பிடித்துச் செய்ய வைத்தால் "கை". வாயால் சொன்னால் செய்கிறான் என்றால் "சொ". சின்னதாகச் சைகை காட்டினாலே போதும் என்றால் "சை". ஒன்றுமே வேண்டாம் என்றால் "தா", தானாக. வாரத்துக்கு ஐந்து தடவை போக வேண்டும். ஐந்தில் நாலு "தா", அதுவும் விடாமல் மூன்று வாரம் வந்தால் அந்தப் படி முடிந்தது.

நோட்டில் குறி போடும் வேலை எனக்கு. வீட்டில் படித்தவன் நான்தானே!

* * *

இனி நான் எழுதப் போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை.

ரீடிங்கை "குக்" பண்ணுவது என்றால் என்னவென்று நம் சிவில் நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். டம்பி லெவலை வைத்து, தெரிந்த உயரமுள்ள ஒரு இடத்திலிருந்து (அதுதான் பெஞ்ச்மார்க்) தொடங்கி, ஸ்டாஃப் பிடித்து ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டே போய், மறுபடி தொடங்கிய இடத்துக்கே வருவோம். கணக்கு தொடங்கிய உயரத்திலேயே முடிய வேண்டும். முடியாது. வெயில், அவசரம், ஸ்டாஃப் பிடிப்பவன் சாய்த்துப் பிடித்திருப்பான். என்ன செய்வோம்? மரத்தடியில் உட்கார்ந்து நடுவில் இரண்டு ரீடிங்கை மாற்றி எழுதிவிடுவோம். கணக்கு டாண் என்று பொருந்திவிடும். நான் இதில் கெட்டிக்காரன்.

இரண்டாம் வருஷம் செமஸ்டர் பரீட்சை நெருங்கிய சமயம். எனக்கு ஒரு அரியர் வேறு. ஐந்து வாரம் தம்பியைக் கடைக்குக் கூட்டிப் போகவே இல்லை. டீச்சர் வருகிற நாளுக்கு முந்தின ராத்திரி நோட்டை எடுத்தேன். ஐந்து வாரக் கட்டத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று இரண்டு பேனா மாற்றினேன். அங்கங்கே ஒரு "சொ", மற்றதெல்லாம் "தா". கையெழுத்துகூட நன்றாக வந்தது.

மறுநாள் டீச்சர் பார்த்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் அம்மா பூக்கமிஷன் கடை வரைக்கும் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார், "எம்புள்ள தனியாக் கடைக்குப் போறான்." டீச்சர் இலக்கு முடிந்தது என்று எழுதி அடுத்த இலக்குக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

தை மாசம். பூ வண்டிகள் அதிகமாக ஓடும் நேரம். அடுப்பு பற்றவைக்கத் தீக்குச்சி இல்லை. அம்மா தம்பி கையில் காசைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நோட்டில்தான் "தா" இருக்கிறதே! அவன் வேப்பமரம் வரை ஓரமாகத்தான் போயிருக்கிறான். அங்கே நிற்கவில்லை. நேராக ரோட்டில் இறங்கிவிட்டான். மல்லிகை ஏற்றி வந்த ஒரு மினிவேன் பிரேக் அடித்து, ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. பயத்தில் அவன் பின்னால் விழுந்து முழங்கை முழுவதும் சிராய்ப்பு. அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்பை எடுத்துக் காட்டினாலே உள்ளே ஓடிவிடுவான்.

அம்மா தன்னைத்தானே திட்டிக்கொண்டார். டிரைவரைத் திட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை டீச்சர் வந்தபோது, ஸ்கூட்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிட்டேன். "டீச்சர், நோட்டுல இருக்கிறது பொய். அஞ்சு வாரமும் நான் எழுதுனது."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நானும் ஒரு தடவை கூட நடந்து போய்ப் பாத்திருக்கணும். நோட்ட மட்டும் பாத்தேன். ரெண்டு பேரு தப்பும்தான் தம்பி" என்றார்.

நான் அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "கிழிக்காத. ஒரு கோடு போட்டு அடி. அடிச்சது தெரியணும். புதுப் பக்கத்துல இன்னைக்குத் தேதி போடு. இன்னைக்கு அவன் எங்க நிக்கிறானோ அங்கருந்து எழுது."

லெவல் புக்கைப் பற்றி நம் சார் முதல் வகுப்பில் சொன்னதும் இதுதானே! ரப்பர் வைக்காதே, கிழிக்காதே, தப்பை ஒரு கோட்டால் அடித்து மேலே எழுது. அன்றைக்கு அதை நான் நோட்ஸில் எழுதிக்கொண்டேன். திண்ணையில்தான் புரிந்தது.

புதுப் பக்கத்தில் முதல் வரி: செருப்பு மாட்டுவது — "கை". போன வருஷம் அதே படியில் "சை" இருந்தது. இறங்கிவிட்டான். "ரைஸ் அண்ட் ஃபால்" முறையில் ஃபாலுக்கும் ஒரு காலம் இருக்கிறதில்லையா? நிலம் இறங்கினால் அந்தக் காலத்தில் எழுதுகிறோம். அதற்காக நிலத்தை யாரும் திட்டுவதில்லை. எழுதினால்தான் அடுத்த ஏற்றம் எவ்வளவு என்று தெரியும்.

* * *

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒரு நாள் சொன்னது: "எங்களுக்கும் இப்புடித்தாண்டா வச்சாங்க, அறிவொளியில."

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்ததும், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் படித்ததும், ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நமக்குத் தெரியும். தேசிய எழுத்தறிவு இயக்கம் அதற்கு ஓர் அளவு வைத்திருந்தது. நிமிஷத்துக்கு 30 வார்த்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 வார்த்தை பார்த்து எழுத வேண்டும், 100 வரை எண் தெரிய வேண்டும். "நான் முப்பதெல்லாம் படிக்கல" என்றது அப்பத்தா. "ஆனா, அறந்தாங்கி பஸ்ஸா ஆலங்குடி பஸ்ஸான்னு யாரையும் கேக்காம ஏறுனேன். அந்த நோட்டுல அதுக்கு எடமில்ல."

அளவு இல்லாமல் இருக்க முடியாது. அளவு இல்லையென்றால் "ஏதோ இருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த அளவு அவரவர் வாழ்க்கையைத் தொட வேண்டும். அப்பத்தாவுக்கு பஸ் போர்டு. தம்பிக்குத் தீப்பெட்டி.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 16-வது பிரிவு, சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது என்கிறது. ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் அவர் அடையும் நிலையையும் படிப்பை முடிப்பதையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. 17-வது பிரிவு பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற வசதிகளைச் சொல்கிறது. 31-வது பிரிவு 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. அந்த 40 சதவீதத்துக்குச் சட்டத்தில் பேரே "பெஞ்ச்மார்க்" குறைபாடுதான்! படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்ச்மார்க் என்பது தொடங்குகிற இடம். அங்கிருந்து எத்தனை தூரம் என்பதை யாராவது அளக்க வேண்டுமே.

நாம் நாளைக்கு ஓவர்சியராக, சூப்பர்வைசராக, கான்ட்ராக்டராகப் போகிறோம். சாய்தளம் 1:12 இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஒரு பொதுக் கட்டடத்தில் "சாய்தளம் உண்டு" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, நானும் இரண்டு நண்பர்களும் சும்மா லெவல் எடுத்துப் பார்த்தோம். 1:7 வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் அதில் தானாக ஏற முடியாது. பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். காகிதத்தில் "தா". நிஜத்தில் "கை". அந்த "உண்டு"வைப் போட்டவனும் என்னைப் போல ஒருவன்தான்.

* * *

இந்த வருஷம் சர்வே கேம்பில் எங்கள் பேட்ச் கணக்கு 35 மில்லிமீட்டர் பொருந்தவில்லை. "மாப்ள, நடுவுல ரெண்ட மாத்திருடா, நீதான் எக்ஸ்பர்ட்டு" என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். நல்ல வசவு விழுந்தது. மறுநாள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பாதி தூரம் திரும்ப எடுத்தோம். ஒரு இடத்தில் 1.385 என்பதை 1.350 என்று எழுதியிருந்தோம். கோடு போட்டு அடித்து மேலே எழுதினோம். லேட்டாகக் கொடுத்ததற்கு மூன்று மார்க் போச்சு. போகட்டும்.

வீட்டில் பிள்ளையோ தம்பி தங்கையோ இப்படி இருக்கும் நண்பர்கள் நம் கல்லூரியிலேயே நாலைந்து பேர் இருப்பீர்கள். வெளியே சொல்லமாட்டோம், எனக்குத் தெரியும். நானும் இரண்டு வருஷம் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அவன் என்ன செய்வான் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். தேதி போடுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான், டீச்சரோ நீங்களோ அங்கே போய் அவன் கையைப் பிடிக்க முடியும். இல்லாத இடத்தில் நிற்பதாக எழுதிவிட்டால், எல்லோரும் அங்கே போய்த் தேடுவார்கள். அவன் ரோட்டில் தனியாக நிற்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலவரம் இது. எட்டுப் படியில் ஐந்து "தா". வேப்பமரத்தடியில் நிற்கிறான், இரண்டு பக்கமும் பார்க்கிறான், ஆனால் நான் கொஞ்சம் தலையைத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் "சை". மிச்சக் காசு வாங்குவது இன்னும் "சொ". தீப்பெட்டிக்குப் பதிலாக அன்றைக்கு பிஸ்கட் பாக்கெட்டைக் கைகாட்டினான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே கேட்டிருக்கிறானே! டீச்சரிடம் கேட்டேன். "கீழ புதுசா ஒரு கோடு போட்டு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். தேதியும் போட்டிருக்கிறேன்.